அவரு சொல்லிட்டாரு

எங்கள் சுரங்க லைன் வீடுகளில் யார் எதைக் கேட்டாலும் அக்கா முதலில் சொல்வது ஒன்றுதான். "கேட்டுச் சொல்றேன்."

தண்ணீர் எப்போது வரும் என்றாலும் அதே பதில். சாக்கடை மூடி உடைந்து பிள்ளைகள் விழுகிறார்கள் என்றாலும் அதே பதில். மருமகளைப் பிரசவத்துக்குக் கோலாருக்குக் கொண்டுபோவதா, இங்கேயே பார்ப்பதா என்று ஒருத்தி கேட்டதற்கும் அக்கா அதையேதான் சொன்னாளாம். இந்தக் கடைசி விஷயத்தை நான் நம்பவில்லை. எங்கள் லைன்காரர்கள் சாயங்காலம் பெங்களூர் ரயிலைவிட்டு சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருவதற்குள் ஒரு கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிடுவார்கள்.

அக்கா எங்கள் வார்டு கவுன்சிலர். இதைச் சொன்னால் லைனிலேயே சிலர் ஒரு நொடி யோசிப்பார்கள். அவர்களுக்குக் கவுன்சிலர் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அக்கா கவுன்சிலர் வீட்டு அம்மா. எல்லாருக்கும் அவர் அண்ணன். பல வருஷமாகக் கட்சிக் கொடியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பதவிக்குக் காத்திருந்தவர். கடைசியில் சீட்டு கிடைக்கும் நேரத்தில் வார்டு பெண்களுக்கென்று ஆகிவிட்டது. அண்ணன் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் அக்காவை போட்டோ ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போஸ்டரில் அண்ணன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அக்கா ஓரத்தில், ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு இருந்தாள்.

ஜெயித்த அன்று மாலையெல்லாம் அண்ணன் கழுத்தில்தான் விழுந்தது. ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு முழுக்கப் பட்டாசு. அக்கா எதிர்வீட்டிலிருந்து, அதாவது எங்கள் வீட்டிலிருந்து, பெரிய வாணலியை வாங்கிக்கொண்டு போய், வருகிறவர்களுக்கு போண்டா போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்கக்கா" என்றேன்.

"உப்பு சரியா கீதான்னு பாரு" என்று சூடாக ஒன்றை என் கையில் வைத்தாள்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

நான் நகராட்சி ஆபீஸில் கான்ட்ராக்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அதனால் அக்காவை வீட்டிலும் பார்த்தேன், ஆபீஸிலும் பார்த்தேன். வீட்டில் காலையில் அண்ணன் முன்ரூமில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். வெள்ளைச் சட்டை, மடியில் சீல் டப்பா, பெரிய குரல். "இன்னாய்யா, இன்னா சமாச்சாரம்?" என்றால் லைன் கடைசி வரைக்கும் கேட்கும். நல்ல மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். யார் கையிலும் ஒரு டீக்குமேல் வாங்கியதில்லை. அக்கா சமையல் இடுக்கின் நிலைப்படியில் நிற்பாள். மனு கொடுக்க வந்த பெண்கள் சிலசமயம் அவளைப் பார்த்துப் பேசுவார்கள். "கேட்டுச் சொல்றேன்" என்பாள். அண்ணன் முகத்தில் அப்போது ஒரு பூரிப்பு வரும்.

"எங்க வூட்ல என்னக் கேக்காம ஒண்ணும் நடக்காது" என்பார்.

அண்ணனைத்தான் கேட்கிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடுகளில் கழிப்பிடம் கிடையாது. தங்க மைன்ஸ் ஓடிய காலத்தில் வரிசையாகக் கட்டிய, ஒரு முன்ரூமும் சமையல் இடுக்கும் மட்டுமே உள்ள வீடுகள். லைன் கடைசியில், ஆண்டர்சன்பேட்டைக்குத் திரும்பும் ரோட்டு முக்கில், பொம்பளைகளுக்கென்று ஒரு பொது லெட்ரின் இருக்கிறது. ஓடு ஒழுகும், ஒரு கதவு கையால் பிடித்துக்கொண்டால்தான் சாத்தியிருக்கும். ஆனாலும் அதை விட்டால் மைன்ஸ் கழிவு கொட்டிய சயனைட் மண்மேட்டுக்குப் பின்னால் இருக்கிற முள்ளுப் புதர்தான் கதி. என் அம்மா இடுப்பெலும்பு ஒடிந்து, வாக்கர் வைத்து நடக்கிறவள். அவளால் அந்த முக்கு வரைதான் போக முடியும். அதற்கே நடுவில் இரண்டு வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்குவாள்.

விடியற்காலையில் அங்கே க்யூ நிற்கும். ஆளுக்கொரு வாளி. அக்காவும் வாளியோடு நிற்பாள். கவுன்சிலர் வீட்டு அம்மா என்று யாரும் முன்னால் விட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு. "தெருவிளக்கு ஒண்ணுதான் சாங்ஷனாச்சாம், எங்க போட்டா தேவலாம்?" என்று என் அம்மாவைக் கேட்டாள். அம்மா யோசிக்கவேயில்லை. "இங்கதான், இன்னாத்துக்குக் கேக்கற? இருட்டுல ஒவ்வொரு நாளும் உயிர கையில புடிச்சிகினு வர்றேன்." முன்னால் நின்றவள் கோயில் பக்கம் வேண்டும் என்றாள். பின்னால் நின்றவள் இங்கேதான் வேண்டும் என்றாள். அக்கா தலையாட்டிக்கொண்டே தன் முறை வந்ததும் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே லெட்ரின் முக்கில் கம்பம் நட்டார்கள். யாரோ கேட்டதற்கு அக்கா நிலைப்படியிலிருந்து சொன்னாள்: "அவரு சொல்லிட்டாரு, அங்கதான் போடணும்னு."

அன்று காலையில் மனு ஒன்றில் சீல் வாங்க நான் அண்ணன் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒருவர் வாசலிலேயே நின்று, "அண்ணே, லைட்டு விஷயத்துல நல்ல முடிவு எடுத்தீங்க, பொம்பளைங்க வாழ்த்துறாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். அண்ணன் ஒரு நிமிஷம் முழித்தார். தன் வீட்டு வாசலுக்கே அந்த விளக்கு வரும் என்று அவர் நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியும். சமையல் இடுக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பின்ன? பொம்பளைங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். அண்ணன் தன்னுடைய முடிவுகளை அடுத்தவர் வாயால்தான் தெரிந்துகொண்டார். நல்ல முடிவாக இருந்ததால் ஒன்றையும் மறுக்கவில்லை. அக்கா ஊரையெல்லாம் கேட்டாள், அவரை மட்டும் கேட்டதில்லை.

ஒரு நாள் வாணலியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கேட்டேவிட்டேன். "இன்னாக்கா இது, எல்லாம் நீங்க செய்றீங்க, அண்ணன் பேரச் சொல்றீங்க? நான்தான் சொன்னேன்னு சொன்னா இன்னா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் சொன்னா இன்னாத்துக்குன்னு கேப்பாங்க. அவரு சொன்னா சரின்னுட்டுப் போய்க்கினே இருப்பாங்க. எனக்கு வேலை நடக்கணும்மா."

எனக்கு எரிச்சலாக இருந்தது. டீவியில் வருகிற பெண் அதிகாரிகள் மாதிரி அவள் ஒரு நாளாவது மேஜையைத் தட்டிப் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. மேஜையே அவளிடம் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆபீஸில் நடப்பதையும் சொல்ல வேண்டும். மீட்டிங் ஹாலுக்குள் மெம்பர்கள்தான் வரலாம். அதனால் பெண் மெம்பர்களின் வீட்டுக்காரர்கள் வராந்தா பெஞ்சில், ஜன்னலோரமாக உட்காருவார்கள். பெண் மெம்பர்கள் உள்ளே அந்த ஜன்னல் பக்கமாகவே நாற்காலி பிடிப்பார்கள். ஓட்டுக்கு விட்டால் முதலில் ஜன்னலைப் பார்ப்பார்கள். வெளியே கை தூக்கினால் உள்ளே கை தூக்கும். இது எழுதாத சட்டம். யாரும் தப்பாக நினைத்ததில்லை, ஆபரேட்டர் நான் உட்பட.

ஒரு மீட்டிங்கில் சந்தையை ஊருக்கு வெளியே மாற்றுவதா என்று பேச்சு. வெளியே இருந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடாது என்று இருந்தவர்கள். சரியாக ஓட்டுக்கு விட்ட நேரம் பார்த்து, அதில் ஒருத்தர் கேட்டில் போன டீக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கி "இங்க ஒரு ரவுண்டு" என்றார். ஹாலுக்குள் ஜன்னலோரத்துப் பெண்கள் மொத்தமும் கையைத் தூக்கிவிட்டார்கள். சந்தை ஊரைவிட்டுப் போயே போய்விட்டது. ஒரே கூச்சல், அப்புறம் மறுபடி எண்ணினார்கள். ஹாலே சிரித்தது. நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

அக்கா மட்டும் கை தூக்கவில்லை. அவள் ஜன்னலைவிட்டுத் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் மீட்டிங்கிலேயே, "வெளிச்சம் கண்ணு கூசுது" என்று சொல்லி இடம் மாறிக்கொண்டவள். அண்ணன் வராந்தாவில் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா, எங்க வூட்ல நான் வூட்லயே சொல்லி அனுப்பிச்சிடுவேன்."

அந்த அண்ணன்தான் ஒரு நாள் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு மார்பைப் பிடித்தார். கோலார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அழுதேன். எங்கள் லைனே அழுதது. அக்கா அழுதாளா என்று எனக்கு நினைவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பாய் விரித்துப் போட்டது நினைவிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆண்கள் எல்லாரும் முன்ரூமில் உட்கார்ந்து பேசினார்கள். அண்ணனுடைய தம்பி, பெங்களூரில் மனை வாங்கி விற்கிறவர், வந்திருந்தார். சின்னண்ணன் என்பார்கள். அண்ணன் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கட்சிப் பெரியவர் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வார்டைச் சின்னவன் பாத்துக்கட்டும்மா. நீ கையெழுத்துப் போட்டா போதும்" என்றார்.

அக்கா நிலைப்படியிலிருந்து வழக்கம்போல, "கேட்டுச் சொல்றேங்க" என்றாள்.

பெரியவர் மாலை போட்ட போட்டோவைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "யாரக் கேப்பம்மா?" என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே இரக்கப்பட்டுக் கேட்டார். அக்கா டீ எடுத்துவர உள்ளே போய்விட்டாள்.

இனி அக்கா கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் இத்தனை நாள் பேசிய வாய் போய்விட்டது. ஆனால் அடுத்த வாரமே குழாய்த் தண்ணீர் விடும் நேரத்தை, ரயிலுக்குப் போகிறவர்களுக்குத் தோதாக மாற்றினார்கள். கேட்டவர்களிடம் அக்கா சொன்னாள்: "அவரு போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுதான் போனாரு." அப்புறம் சாக்கடைக்கு சிமெண்ட் மூடி வந்தது. அதையும் அவர் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். பால்வாடி கூரை மாற்றியதும் அவர் சொல்லிவிட்டுப் போனதுதான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சும்மாவா சொன்னார்கள்? உயிரோடு இருந்தபோது செய்ததைவிட அண்ணன் செத்தபிறகு அதிகமாகச் செய்தார்.

"மனுஷன் மேலேர்ந்தே கவுன்சில் நடத்துறாரும்மே" என்று க்யூவில் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். காலையில் வாளியோடு நின்று எல்லாரையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படியே போயிருந்தால் அவள் பதவிக்காலம் நிம்மதியாக முடிந்திருக்கும். சின்னண்ணன் ஒரு பிளானோடு வந்தார். லெட்ரின் இருக்கிற இடம் நல்ல முக்கு. அதை இடித்துவிட்டுக் கீழே கடைகள், மேலே கல்யாண ஹால் என்று ஒரு கான்ட்ராக்டரிடம் பேசியாகிவிட்டது. கவுன்சிலில் பாஸ் பண்ண வேண்டியதுதான் பாக்கி. லெட்ரின் வேறு எங்காவது, அப்புறம் வரும். அப்புறம் வருவது எப்போது வரும் என்று மைன்ஸ் மூடிய நாளிலிருந்து எங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார். ரயிலில் போகிறவர்களும் அன்றைக்கு வீட்டில் இருந்தார்கள். என் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. முள்ளுப் புதருக்கு அவள் வாக்கரோடு எப்படிப் போவாள் என்று எனக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். போக முடியாது. அவ்வளவுதான்.

சின்னண்ணன் நன்றாகப் பேசினார். அண்ணன் குரல் அப்படியே இருந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கண்ணன் சாவறதுக்கு முந்தின வாரம் எங்கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமா? இந்த முக்குல ஒரு காம்ப்ளெக்ஸ் வரணும்டா, நம்ம ஜனங்க புள்ளைங்க கல்யாணத்த நம்ம ஊட்டாண்டயே செய்யணும்டான்னு சொன்னாரு. அது அவரு கடைசி ஆசை."

"அண்ணன் சொல்லியிருந்தாருன்னா சரிதான்" என்று ஒரு குரல் வந்தது. அது ஒரு பெண்ணின் குரல்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவளுக்கு இது கைவந்த வித்தை. எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தேன். சொல்லுக்கா, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன்.

"அவரு அப்படிச் சொல்லல" என்றாள் அக்கா.

"அப்ப உங்ககிட்ட இன்னா சொன்னாரு அண்ணி?" என்று சின்னண்ணன் மரியாதையாகக் கேட்டார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. எப்பவும் ஒண்ணும் சொன்னதில்ல. லைட்டு நான் சொன்னது. குழாத்தண்ணி நான் சொன்னது. மூடி, பால்வாடி எல்லாம் நான் சொன்னதுதான். உங்களத்தான் கேட்டேன், கேட்டுட்டு நான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். லெட்ரின இடிக்கக்கூடாது."

கூட்டம் கொதிக்கும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. ஒரு மாதிரி முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான். ஒருத்தி எழுந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "செத்தவரு பேர இப்படியா கெடுப்பாங்க" என்று முனகிக்கொண்டே போனாள். "ஆமா, அவங்கதான் க்யூல கேப்பாங்க, எங்கம்மாவகூட கேட்டாங்க" என்று நான் சத்தமாகச் சொன்னேன். என்னை யாரும் மறுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "உன்னத்தானே கேட்டாங்க? லைட்டு எங்க போடறதுன்னு? நீ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

அம்மா வாக்கரை சுவரில் சாய்த்தாள். "என்னத்தான் கேட்டா. இல்லேன்னு யாரு சொன்னது? ஆனா சொன்னது அவருதானே?"

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்குக் கோபமும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட உதடு மாதிரி ஒன்று. தொட்டால் இருப்பது தெரியும், வலி தெரியாது.

மறுநாள் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீங்களும் அண்ணன் பேரையே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்க்கா."

"முடிஞ்சிருக்காது" என்றாள், தலை நிமிராமல். "ஒரே பொய்ய அவனும் சொல்லி நானும் சொன்னா, ஆம்பள சொன்னதுதான் நிக்கும்." தேய்த்த சட்டியைக் கவிழ்த்துவிட்டு, "அதுவும் இல்லாம, அவரு பேரு அவன் வாயில வந்ததும் எனக்கு அருவருப்பாப் போச்சு. நானும் அதைத்தானே இத்தினி நாளா செஞ்சிகினு இருந்தேன்" என்றாள்.

எங்கள் கவுன்சிலில் இன்னொரு எழுதாத சட்டமும் உண்டு. ஒரு வார்டு வேலையை அந்த வார்டு மெம்பரே வேண்டாம் என்று எழுந்து நின்று சொன்னால் மற்றவர்கள் தொடமாட்டார்கள். நாளைக்குத் தன் வார்டுக்கும் அதே கதி வரும் என்ற பயம். அதனால் அக்கா எழுந்து நின்றாலே போதும். அவளை எழுந்து நிற்கவிடாமல் தடுக்கத்தான் எல்லாரும் பாடுபட்டார்கள். கட்சிப் பெரியவர் வந்தார். கோலாரில் கட்டிக்கொடுத்த அக்காவின் மகளை மாமியார் வீட்டிலிருந்து பேசவைத்தார்கள். "எங்களுக்கு இங்க மானம் போவுதும்மா" என்று அவள் போனில் அழுதது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. யாரோ வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார்கள். அக்கா அதைக் கழுவிவிட்டாள். யார் என்று கேட்கவில்லை.

மீட்டிங் அன்று வராந்தா பெஞ்சில் சின்னண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்கள் வார்டு விஷயத்தைத் தலைவர் வாசித்தார். அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பேடா" என்றாள். வேண்டாம் என்பதற்குக் கன்னடத்தில் அந்த ஒரு வார்த்தை.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "யாக்கம்மா?" என்றார். ஏன் என்று கேட்டார். நான் சொன்னா இன்னாத்துக்குன்னு கேப்பாங்க என்று அவள் என்னிடம் சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் பார்த்தேன்.

அக்கா காரணங்கள் சொன்னாள். கன்னடமும் தமிழும் கலந்து, தடுமாறி, பாதியில் வேர்த்துப்போய் சொன்னாள். ஜன்னலோரப் பெண்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பேச்சு என்று சொல்ல முடியாது. மேஜையைத் தட்டவில்லை. ஆனால் முடிக்கும்வரை உட்காரவில்லை. நான் ஒரு வார்த்தை விடாமல் டைப் அடித்தேன். தலைவர் பேனாவால் நெற்றியைச் சொறிந்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போனார்.

லெட்ரின் இடிபடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அன்று இரண்டு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இனிப்பு ஜாஸ்தி" என்றாள்.

அதற்குப்பின் லைனில் அவளோடு யாரும் சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. க்யூவில் அவள் கேட்டால் "நீங்களே பாத்து செய்யுங்க" என்பார்கள். கேட்டால் ஒன்றும் தெரியாதவள், சொன்னால் திமிர் பிடித்தவள். அண்ணன் யாரையும் கேட்காமல் சத்தம் போட்டபோது அதற்குத் தைரியம் என்று பெயர் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள் அவள் எப்படியோ ஓட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இருந்தும் லெட்ரினை ரிப்பேர் பண்ணப் பணம் சாங்ஷன் பண்ணவைத்தாள். ஓடு போய் சிமெண்ட் கூரை வந்தது. கதவுகள் இப்போது தானாகவே சாத்தியிருக்கின்றன. படிக்குப் பக்கத்தில் வாக்கர் ஏறுகிற மாதிரி ஒரு சரிவும், பிடித்துக்கொள்ளக் குழாயும் வைத்தார்கள். அதை என் அம்மாவுக்காக யார் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

இதற்குள் அடுத்த எலெக்ஷன் பேச்சு வந்துவிட்டது. வார்டு இந்தத் தடவை பொது, ஆண்களும் நிற்கலாம். சின்னண்ணன் நிற்கப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். வேலை முடிகிற நேரத்தில் அவர் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து, சொந்தச் செலவில் லெட்ரின் வாசலுக்கு மேலே ஒரு போர்டு அடித்தார். நடுவில் அண்ணன் கும்பிட்டுக்கொண்டு சிரிக்கிற படம். கீழே, அண்ணன் நினைவுக் கழிப்பிடம் என்று பெரிய எழுத்து. மைக்கைப் பிடித்து, "இந்த லெட்ரின் நல்லபடியா ஆவணும்கிறது எங்கண்ணனோட கடைசி ஆசை" என்றார். காம்ப்ளெக்ஸ் என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள். அக்காதான் இன்னமும் கவுன்சிலர் என்பதால், ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து அவள் நீட்ட, அவர் வெட்டினார்.

வேன் போனதும் பொம்பளைகள் வாளியோடு வந்தார்கள். முதலில் என் அம்மாவை விட்டார்கள். வாக்கரைக் கீழே விட்டுவிட்டு, ஒரு கையில் வாளி, ஒரு கையில் குழாய் என்று அவளால் சரிவில் ஏற முடியவில்லை. அக்கா போய் அவள் முழங்கையைத் தாங்கி மேலே கொண்டுவந்து விட்டாள். வாசலில் அம்மா நின்று மூச்சு வாங்கினாள். அண்ணாந்து போர்டைப் பார்த்தாள். வாளியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அக்காவிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.